ஹுவா ஷான் பலகைப் பாதை: போகலாமா, வேண்டாமா?

தேங்காய்பன் | செப்டம்பர் 3, இரவு 10:40

வணக்கம். அக்டோபரில் சீனாவின் சியான் நகருக்குப் போகிறோம். நான், மனைவி, அப்பா மூன்று பேர். எனக்கு 41, அப்பாவுக்கு 68. சிங்கப்பூரிலிருந்து கிளம்புகிறோம். மனைவிக்குச் சிங்கப்பூர் பாஸ்போர்ட், விசா தேவையில்லை. எனக்கும் அப்பாவுக்கும் இந்திய பாஸ்போர்ட், விசா வாங்கியாச்சு. சுடுமண் படைவீரர்களுக்கு ஒரு நாள், ஹுவா ஷான் மலைக்கு ஒரு நாள் என்று திட்டம்.

விஷயம் என்னவென்றால், அந்தப் பலகைப் பாதை வீடியோவைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. செங்குத்துப் பாறையில் ஒரு அடி அகலத்துக்குப் பலகை, கீழே மேகம். போயே ஆகணும் போல இருக்கிறது. மனைவி வீடியோவைப் பாதியில் நிறுத்திவிட்டு, "இன்சூரன்ஸ் பேப்பர் எந்த ஃபைல்ல இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உண்மையிலேயே அவ்வளவு ஆபத்தா? வருஷத்துக்கு நூறு பேர் விழுகிறார்கள் என்று ஒரு இடத்தில் படித்தேன். அப்பாவை என்ன செய்வது?

சியான்மாணவி | செப்டம்பர் 3, இரவு 11:25

அண்ணா, நான் சியானில்தான் மருத்துவம் படிக்கிறேன், நாலாம் வருஷம். ஊரிலிருந்து யார் வந்தாலும் என்னைத்தான் கூட அனுப்புவார்கள், அதனால் மூன்று தடவை ஏறியாச்சு.

முதலில் தேதியைப் பாருங்கள். அக்டோபர் முதல் வாரம் இங்கே தேசிய தின விடுமுறை. அந்த வாரம் மலைக்குப் போவதும் தீபாவளிக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போவதும் ஒன்றுதான். பத்தாம் தேதிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், அதிலும் சனி ஞாயிறு வேண்டாம்.

சியான் வடக்கு ரயில் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஹுவா ஷான் வடக்கு நிலையம். 120 கிலோமீட்டர், அரை மணி, முக்கால் மணி நேரம்தான். அங்கிருந்து சுற்றுலா மையம். அங்கே இரண்டு பஸ் பிரியும். ஒன்று மேற்குச் சிகரக் கேபிள் காருக்கு, இன்னொன்று வடக்குச் சிகரக் கேபிள் காருக்கு. மேற்கில் ஏறி வடக்கில் இறங்குங்கள். மாற்றிச் செய்தால் படி முழுக்க ஏற்றமாகிவிடும், பாதியிலேயே என்னைத் திட்டுவீர்கள்.

செலவு: நான் போனபோது நுழைவு 160 யுவான், மேற்குக் கேபிள் கார் ஒரு வழி 140, அதற்கான பஸ் 40, வடக்குக் கேபிள் கார் ஒரு வழி 80, அதன் பஸ் 20. ஆக ஒரு ஆளுக்கு 440. குளிர்காலத்தில் குறையும். டிக்கெட் எடுத்த பாஸ்போர்ட்டையே கையில் கொண்டுவாருங்கள், நகல் செல்லாது. கிளம்பும் முன்பே போனில் பணம் கட்டும் அலிபே செயலியில் உங்கள் கார்டை இணைத்துவிடுங்கள்.

மலைப்பித்தன் | செப்டம்பர் 4, காலை 6:10

கேபிள் காரில் போய்விட்டு மலைக்குப் போனேன் என்று சொல்வதைக் கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். மன்னிக்கவும், இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

ஹுவா ஷானுக்கு ஒரே வழிதான் என்று சீனத்தில் பழமொழியே உண்டு. அடிவாரத்து யூச்சுவான் கோயிலிலிருந்து பள்ளத்தாக்கு வழியாக நடந்து, வடக்குச் சிகரம் வரை சுமார் ஆறு கிலோமீட்டர். நான் இரவு பத்தரைக்குத் தொடங்கினேன். தலையில் விளக்கு, முதுகில் இரண்டு பாட்டில் தண்ணீர். நாலு கிலோமீட்டர் சாதுவான பாதை. அதற்கப்புறம் 'ஆயிரம் அடிப் பிளவு' என்று ஓர் இடம் வரும். பாறை வெடிப்புக்குள் 370க்கும் மேற்பட்ட படிகள், ஏணி மாதிரி நிமிர்ந்து நிற்கும். பாதி பாதம்தான் படியில் பதியும். இரண்டு பக்கமும் இரும்புச் சங்கிலி. முன்னால் போகிறவரின் செருப்பு உங்கள் மூக்குக்கு நேரே இருக்கும். மேலே ஒரு பொந்து, அதில் தலையை நீட்டினால் குளிர்காற்று முகத்தில் அறையும்.

விடியற்காலை கிழக்குச் சிகரம். பச்சை நிற ராணுவக் கோட்டு வாடகைக்குக் கிடைக்கும். அதைப் போர்த்திக்கொண்டு முன்பின் தெரியாத இருநூறு பேரோடு சூரியனுக்குக் காத்திருந்தேன். அது மலை. கேபிள் கார் என்பது லிஃப்ட்.

மூட்டுவலிக்காரர் | செப்டம்பர் 4, காலை 8:55

தம்பி மலைப்பித்தன், உங்கள் வயது என்ன? 30 இருக்குமா? எனக்கு 63. 2019ல் பினாங்கிலிருந்து குழுவாகப் போனோம். வழிகாட்டி எங்களை வடக்கில் ஏற்றி வடக்கிலேயே இறக்கினார். நடுவில் எத்தனை படி என்று எண்ணவில்லை, முழங்கால் எண்ணிக்கொண்டது. ஊருக்கு வந்து ஆறு வாரம் தைலம்.

லிஃப்ட் என்று கேலி பண்ணுகிறீர்களே, மேற்குக் கேபிள் காரில் போயிருக்கிறீர்களா? அதில் போன என் மைத்துனர் சொன்னது: 4 கிலோமீட்டருக்கு மேல் நீளம், நேராக மேலே போகாது, ஒரு முகட்டைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறும், கடைசியில் குடைந்த பாறைக்குள் போய் நிற்கும். வண்டி முகட்டைத் தாண்டும்போது எதிரே முழு வெள்ளைக் கருங்கல் சுவர். பெட்டிக்குள் அதுவரை பேசிக்கொண்டிருந்த எட்டுப் பேரும் வாயை மூடினார்களாம்.

தேங்காய்பன், உங்கள் அப்பாவை மேற்கில் ஏற்றுங்கள். அங்கிருந்து மேற்குச் சிகரம் கொஞ்ச தூரம்தான். பார்த்துவிட்டு அதே வண்டியில் இறங்கிவிடட்டும். ஐந்து சிகரமும் சுற்றவேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

மலைப்பித்தன் | செப்டம்பர் 4, காலை 9:20

ஐயா, வயதை வைத்துப் பேசவில்லை. வழியில் என்னைத் தாண்டிப் போன ஒரு பாட்டிக்கு எழுபது இருக்கும். சுமை தூக்குகிறவர்களைப் பார்த்தேன், மூங்கில் கம்பின் இரண்டு முனையிலும் தண்ணீர்ப் பெட்டி, காய்கறி மூட்டை. மேலே வெள்ளரிக்காய் விலை அதிகம் என்று முணுமுணுப்பவர்கள் அந்தத் தோளை ஒருமுறை பார்க்கட்டும். நான் சொன்னது இவ்வளவுதான், நடந்து வந்தால் மலை வேறு மாதிரி தெரியும்.

கிளிக்கிளிக் | செப்டம்பர் 4, மதியம் 1:15

கேட்டது பலகைப் பாதை, நடப்பது முழங்கால் சண்டை. நான் அந்தப் பலகையில் நடந்தவன், 2018 மே மாதம். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

தெற்குச் சிகரத்தின் பக்கவாட்டில் இருக்கிறது. மலையிலேயே உயரமான இடம் அந்தச் சிகரம், 2154.9 மீட்டர். பலகைக்குத் தனிக் கட்டணம், எனக்கு 30 யுவான் ஆனது. இடுப்பிலும் தோளிலும் பெல்ட்டு மாட்டி, முன்னால் இரண்டு கயிறு, ஒவ்வொன்றின் முனையிலும் கொக்கி. பையை அங்கேயே அலமாரியில் வைத்துவிடலாம். பாறையோடு ஒரு இரும்புக் கம்பிவடம் ஓடுகிறது. ஒவ்வொரு முளையிலும் ஒரு கொக்கியைக் கழற்றி அடுத்த பக்கம் மாட்டி, அப்புறம்தான் இரண்டாவதைக் கழற்றணும். எந்த நேரத்திலும் ஒன்றாவது மாட்டியிருக்கும். அரைமணி நேரம் எனக்குக் கேட்டது இந்தக் கொக்கிச் சத்தம் மட்டும்தான், அதனால்தான் இந்தப் பெயர்.

வீடியோவில் காட்டாத ஒன்று: பலகையைவிடக் கஷ்டம் அதற்கு முன்னால் வருகிற இறக்கம். பாறை வெடிப்பில் அடித்த இரும்புக் கம்பிகள்தான் படி. முதுகுப் பக்கம் வெறும் காற்று, காலால் துழாவி அடுத்த கம்பியைத் தேடணும். அதைத் தாண்டினால் பாறையில் பாதம் வைக்கக் குழிகள், அதற்கப்புறம் பலகை. மூன்று பலகையைச் சேர்த்து அடித்த மாதிரி, ஒரு அடி அகலம். அங்கே வந்ததும் எனக்குக் கை நடுக்கமே நின்றுவிட்டது, ஏனென்றால் குறைந்தபட்சம் காலுக்குக் கீழே ஏதோ தட்டையாக இருந்தது.

இன்னொன்று, அது முட்டுச்சந்து. போய் முடிவதும் ஒரு சின்னக் குகை, சின்னச் சன்னதி. அதே வழியில் திரும்பணும். அதனால் எதிரே ஆள் வருவார்கள். ஒருவர் பாறையை ஒட்டி நிற்க, மற்றவர் வெளிப்பக்கமாகச் சுற்றிப் போவார். எனக்கு எதிரே வந்தவர் என் தோளைப் பிடித்துக்கொண்டே தாண்டினார். முகத்துக்கு முகம் நாலு அங்குலம். அவர் பூண்டு தின்றிருந்தார்.

ஆபத்தா? கொக்கியை ஒழுங்காக மாட்டினால் விழ வழியில்லை. மழை, பனி, பலத்த காற்று என்றால் மூடிவிடுவார்கள். அந்த நூறு பேர் கதையை எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதுகிறார்கள், ஆதாரம் கேட்டால் இன்னொரு வீடியோவைக் காட்டுவார்கள். மலையில் நான் பார்த்த ஒரே காயம், இறங்கும்போது படியில் செல்ஃபி எடுத்துக் கணுக்கால் பிசகிய ஒரு பையன்.

தேங்காய்பன் | செப்டம்பர் 4, இரவு 9:05

இதைத்தான் தேடினேன், ரொம்ப நன்றி. பூண்டு தகவலை மனைவியிடம் சொல்லவில்லை.

பலகையை யார் போட்டது? சுற்றுலாவுக்காக இப்போது செய்ததா?

பழங்கதை | செப்டம்பர் 5, காலை 7:30

இல்லை. யுவான் வம்சக் காலத்தில் ஹெ ஜிஜென் என்ற தாவோ மதத் துறவி அமைத்தது என்பது மரபு. அதாவது எழுநூறு வருஷத்துக்கு முந்தைய கதை. தியானம் செய்ய ஆள் அரவமற்ற இடம் தேடினார். ஒரு குகையைக் குடைந்து முடிப்பார், இன்னொரு துறவி வந்து எனக்குக் கொடு என்பார், கொடுத்துவிட்டு அடுத்ததைக் குடைவார். இப்படி எழுபத்திரண்டரைக் குகை என்று சொல்வார்கள். கடைசியில், யாரும் வந்து கேட்க முடியாத இடமாகப் பார்த்து அந்தப் பாறை முகத்துக்குப் போனார் என்று நான் நினைத்துக்கொள்வேன். இன்று அங்கே வரிசை நிற்கிறது. பாவம் மனிதர்.

சீனாவின் ஐந்து பெருமலைகளில் இது மேற்கு மலை. கிழக்கே தாய் ஷான், வடக்கிலும் தெற்கிலும் ஹெங் ஷான் என்றே இரண்டு, நடுவில் சோங் ஷான். ஐந்து சிகரமும் தாமரை இதழ் மாதிரி இருப்பதால் ஹுவா, அதாவது பூ, என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.

பயந்தவர்களுக்கும் இங்கே மரியாதை உண்டு. வடக்குச் சிகரத்துக்கு மேலே நீல நாக முகடு என்று ஒரு கத்தி விளிம்புப் பாதை. தாங் வம்சக் காலத்துப் பெரும் எழுத்தாளர் ஹான் யூ அங்கே ஏறிவிட்டு, கீழே பார்த்ததும் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் உட்கார்ந்து அழுதாராம். வீட்டுக்குக் கடைசிக் கடிதம் எழுதிக் கீழே வீசினாராம். உள்ளூர் அதிகாரி ஆள் அனுப்பி இறக்கியதாகக் கதை. கடிதம் வீசிய இடம் என்று பாறையில் எழுத்தே வெட்டி வைத்திருக்கிறார்கள். தேங்காய்பன் பேனா கொண்டு போகவும்.

கிழக்குச் சிகரத்தின் கீழே சதுரங்க மண்டபம் தெரியும். பின்னாளில் சோங் வம்சப் பேரரசரான சாவ் குவாங்யின், சென் துவான் என்ற துறவியோடு ஆடி மலையையே தோற்றார் என்பார்கள். அதனால் மலைக்கு வரியில்லை என்று ஆயிற்றாம்.

மூட்டுவலிக்காரர் | செப்டம்பர் 5, காலை 8:10

தோற்றவர் மலையைக் கொடுத்தார், ஜெயித்தவர் 440 யுவான் வாங்குகிறார்.

சியான்மாணவி | செப்டம்பர் 5, இரவு 8:45

ஐயா!! 😄

அண்ணா, மறந்துபோன சில்லறை விஷயங்கள். அடிவாரத்தில் வெள்ளைப் பருத்திக் கையுறை விற்பார்கள், சில யுவான்தான், வாங்கிவிடுங்கள். சங்கிலி காலையில் பனிக்கட்டி மாதிரி இருக்கும், மதியம் கை வழுக்கும். மேலே சாப்பாடு என்றால் கோப்பை நூடுல்ஸ், வேகவைத்த சோளம், வெள்ளரி. அப்பா சைவமா? அப்படியென்றால் 'நான் இறைச்சி, மீன், முட்டை சாப்பிடுவதில்லை' என்று சீனத்தில் எழுதி போனில் வைத்துக்கொள்ளுங்கள். சியானில் லியாங்பி கிடைக்கும், வினிகரும் மிளகாயெண்ணெயும் ஊற்றிய குளிர்ந்த நூடுல்ஸ், அவருக்குச் சரிப்படும். மேலே வெப்பநிலை அடிவாரத்தைவிடப் பத்து டிகிரி குறைவாக இருக்கும், ஸ்வெட்டர் வேண்டும்.

மேலே தங்கலாமா என்று கேட்பீர்கள். தங்கலாம், அடுக்குக் கட்டில், குளிக்க வசதி கிடையாது. அப்பாவோடு வேண்டாம்.

தேங்காய்பன் | அக்டோபர் 19, இரவு 9:50

போய் வந்தாச்சு. பதினாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை. எல்லாருக்கும் கடன்பட்டிருக்கிறேன், அதனால் முழுசாகச் சொல்கிறேன்.

காலை ஏழு மணி ரயில். ஒன்பதே காலுக்கு மேற்குக் கேபிள் காரில் இருந்தோம். மூட்டுவலி ஐயா சொன்னது அப்படியே நடந்தது. முகட்டைத் தாண்டியதும் அந்த வெள்ளைச் சுவர் வந்தது, எங்கள் பெட்டியிலும் பேச்சு நின்றது. அப்பா மட்டும், "இதுக்குக் கம்பி எப்படிடா இழுத்தாங்க?" என்றார். அவர் மின்வாரியத்தில் இருந்தவர், அந்தக் கேள்விதான் வரும்.

மேற்குச் சிகரத்தில் கோடாலியால் பிளந்த மாதிரி ஒரு பாறை. மலைக்கு அடியில் சிறைவைத்த தாயை மீட்க மகன் கோடாலியால் வெட்டினான் என்று கதை. அப்பா அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் போய்ட்டு வாங்க என்றார். பக்கத்தில் அவர் வயதுக்கு ஒரு சீனத் தாத்தா, பேரனுக்குக் காத்திருந்தார். தெற்குச் சிகரம் போகும் வழியில் திரும்பிப் பார்த்தேன். தாத்தா சட்டைப்பையிலிருந்து சூரியகாந்தி விதையைக் கொட்டிக்கொடுக்கிறார், அப்பா ஒவ்வொன்றாக உரித்துத் தின்றுகொண்டு ஏதோ பேசுகிறார். தமிழில்தான் பேசியிருப்பார், வேறு மொழி அவருக்குத் தெரியாது. இருவருமே தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அதே வண்டியில் இறங்கி, சுற்றுலா மையத்தில் எங்களுக்காகக் காத்திருந்தார்.

பலகைப் பாதை. வானம் சுத்தம், காற்று இல்லை, திறந்திருந்தது. வரிசையில் ஐம்பது நிமிஷம். அந்த ஐம்பது நிமிஷமும் எனக்குப் போதுமானதாக இருந்தது. பெல்ட்டு மாட்டினார்கள். எட்டிப் பார்த்தேன். கிளிக்கிளிக் சொன்ன அந்த இரும்புக் கம்பி இறக்கம். கீழே பைன் மரம் கொத்தமல்லிக் கட்டு மாதிரி தெரிந்தது.

சுருக்கமாகச் சொன்னால், மனைவி போனார். நான் பையைப் பார்த்துக்கொண்டேன்.

இருபத்தைந்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தார். முகம் சிவந்து, தலைமுடி முழுக்கச் சுண்ணாம்புத் தூள் மாதிரி கல் தூசி. ஒரு வார்த்தை பேசவில்லை, தண்ணீர் பாட்டிலை முழுசாகக் குடித்தார். அப்புறம், "அந்தக் குகையில ஊதுபத்தி வாசனை" என்றார். அவ்வளவுதான்.

அங்கிருந்து கிழக்குச் சிகரம், தங்கப் பூட்டு வாசல், நீல நாக முகடு, வடக்குச் சிகரம். பூட்டு வாசலில் சங்கிலியே தெரியாத அளவுக்குப் பூட்டும் சிவப்பு நாடாவும். நாக முகட்டில் ஹான் யூ எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்துப் படம் எடுத்துக்கொண்டேன், நமக்கும் ஒரு முன்னோர் உண்டு என்று ஆறுதல். மொத்தம் ஆறரை மணி நேரம். இறக்கத்தில் தொடை பூராவும் நடுக்கம், இன்றுவரை மாடிப்படியில் பக்கவாட்டாகத்தான் இறங்குகிறேன். அதனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: இந்த மலையில் பயப்பட வேண்டியது படிக்கு. பலகைக்கு இல்லை.

மலைப்பித்தன் | அக்டோபர் 20, காலை 6:30

பலகையில் கால் வைக்காதவர் பலகைக்குப் பயப்பட வேண்டாம் என்று தீர்ப்பு சொல்கிறார். சரி, அடுத்த தடவை இரவில் நடந்து ஏறுங்கள். நான் வருகிறேன்.

கிளிக்கிளிக் | அக்டோபர் 20, மதியம் 12:40

பெல்ட்டு மாட்டிவிட்டு அவிழ்த்தீர்களா? அந்த 30 யுவானைத் திருப்பிக் கொடுத்தார்களா? அதைச் சொல்லவே இல்லையே.

தேங்காய்பன் | அக்டோபர் 20, இரவு 10:15

இது அவர் மனைவி எழுதுகிறேன், அவருடைய கணக்கிலிருந்தே. பணம் திரும்பி வரவில்லை. ஒரு திருத்தம் மட்டும். பை வைக்க அங்கே அலமாரி இருந்தது.